கிறான்வோ போதகரின் மகன்

கனகசிங்கம் மாஸ்டர் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கித் தொண்டையைச் செருமியபோதே அஞ்சலீனாவுக்குத் தெரிந்துவிட்டது, மனுசன் அந்தக் கதையைத்தான் எடுக்கப்போகிறார் என்று. முப்பது வருசமாகக் கேட்கிற கதை. கலியாண வீட்டில் கேட்டிருக்கிறாள், பூப்புனித நீராட்டு விழாவில் கேட்டிருக்கிறாள். ஒருமுறை மொன்றியலுக்குப் பக்கத்துப் புரோசார்டில் ஒரு கடைக்குள் வண்டில் தள்ளிக்கொண்டு நின்றபோது, முன்பின் அறியாத ஒரு மனுசி ஓடிவந்து கையைப் பிடித்துச் சொல்லியும் கேட்டிருக்கிறாள். இப்போது அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தும் கேட்க வேண்டியதாகப் போயிற்று.

"போதகர் அருமைநாதன் ஆரெண்டு இஞ்ச இருக்கிற இளம் பிள்ளையளுக்குத் தெரியாது," என்று தொடங்கினார் மாஸ்டர். எண்பது வயதுக்குக் கணீரென்ற குரல். "மட்டக்களப்பில எங்கட ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் பத்தொன்பது வருசம் அதிபர். நான் அவருக்குக் கீழ உப அதிபர். தொண்ணூற்றாறாம் ஆண்டு அவற்ற சொந்த மகளும் எங்களிட்டப் படிச்சவ. கடைசிச் செய்முறைப் பரீட்சை. இரண்டாம் வகுப்புப் பிள்ளையளுக்குப் பாடம் எடுக்கோணும். அதிபர் பின் வாங்கில இருந்து பாத்துப் புள்ளி போடுவார். என்ன செய்தார் மனுசன்? பெயில்! பெத்த மகளையே பெயில் போட்டார்! இண்டைக்கு அப்பிடி ஒரு மனுசனைக் காட்டுங்கோ பாப்பம்!"

மண்டபம் 'ச்சொச்சொ' என்றது. முன்வரிசையில் இருந்த பழைய மாணவர்கள் தலையை ஆட்டினார்கள். இரண்டு மூன்று பேர் அஞ்சலீனாவைத் திரும்பிப் பார்த்து ஈரக் கண்ணோடு சிரித்தார்கள். அவளும் ஏதோ அந்தச் சாதனையில் பங்கெடுத்தவள் என்ற நினைப்பு.

"அம்மா," என்று பக்கத்தில் இருந்த மகள் லக்சனா காதுக்குள் கேட்டாள். பத்தொன்பது வயது. தமிழைவிடப் பிரெஞ்சுதான் அவளுக்கு வாய்க்கு வரும். "அவர் ஏன் இத நல்ல விசயம் மாதிரிச் சொல்றார்?"

"சும்மா இரு," என்றாள் அஞ்சலீனா.

பெட்டிக்குள் அப்பா வெள்ளைக் கழுத்துப்பட்டியோடு, போதகராகவே கிடந்தார். யாரோ கன்னத்தில் ரோசா நிறத்தில் பவுடர் பூசிவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தால் துடைத்தெறிந்திருப்பார்.

அந்தப் பரீட்சை அவளை என்ன செய்தது என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது, கேட்டவரும் இல்லை. 'வாத்தியார் பிள்ளை மக்கு' என்று ஊர் சொல்லிச் சிரித்தது. கூடப் படித்த பதினெட்டுப் பேருக்கும் நியமனம் வந்தது. அவள் ஒருத்தி வீட்டில் இருந்தாள். மறுவருசம் திரும்பவும் பரீட்சைக்குத் தோற்றலாம் என்றார்கள். மாட்டேன் என்று நின்றாள். இரண்டாம் வருசம் மதிசுதனைக் கட்டி மொன்றியலுக்கு வந்து, பிரெஞ்சு படித்து, செயின்ட்-மிஷேலில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்குப் போனாள். இருபத்திரண்டு வருசமாகிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பிள்ளைகள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் 'டீச்சர்' என்று யாராவது கூப்பிட்டால் இன்னும் திரும்பமாட்டாள்.

அம்மா போனபிறகு அப்பாவைக் கூப்பிட்டுத் தன்னோடு வைத்துக்கொண்டவளும் அவள்தான். பதினாலு வருசம். கடைசி இரண்டு வருசம் குளிப்பாட்டினாள், தாடி வழித்தாள், மாத்திரை எண்ணிக் கொடுத்தாள். ஒரு குறை வைக்கவில்லை. அந்தப் பரீட்சையைப் பற்றி மட்டும் அந்த வீட்டில் ஒரு சொல் எழும்பியதில்லை. அவரும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் கிறான்வோ போதகரையும் சொல்லிவிட வேண்டும். அந்த மனுசன் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய சுவிஸ் நாட்டுப் போதகர் அவர், தியோஃபில் கிறான்வோ என்று பெயர். மலை அடிவாரத்தில் ஓர் ஆசிரியர் கலாசாலையை முப்பது வருசம் நடத்தியவர். மட்டக்களப்புக் கலாசாலையின் நூலகத்தில் அவரைப் பற்றி மெலிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. அப்பாவுக்கு வேதாகமத்துக்கு அடுத்தது அதுதான். மாணவரோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவது, அதிபரே மண்வெட்டி பிடித்துத் தோட்டம் கொத்துவது, யாரையும் அடிக்காமல் படிப்பிப்பது எல்லாம் அப்பா அங்கிருந்து எடுத்தவை. நல்ல காரியங்கள்தான், யார் இல்லை என்றது? அதே புத்தகத்தில், கிறான்வோ தன் சொந்த மகனைச் செய்முறைப் பரீட்சையில் பெயில் போட்ட கதையும் இருந்தது. 'நீதிமானாகிய தகப்பன்' என்று அந்த அத்தியாயத்துக்குப் பெயர். அந்த வெள்ளைக்காரன் தன் மகனைச் சித்தியடைய விட்டிருந்தால் என் தலையெழுத்தும் வேறாக இருந்திருக்கும் என்று அஞ்சலீனா எத்தனையோ தரம் பல்லைக் கடித்திருக்கிறாள்.

மொன்றியலுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, எழுபத்திரண்டு வயதில், புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் போய் உட்கார்ந்தது. ஹெயிட்டிப் பெடியன்களுக்கும் அல்ஜீரியப் பெண்களுக்கும் நடுவில், கோட்டும் சூட்டுமாக. "என்னத்துக்கு அப்பா இந்த வயசில?" என்றால், "கிறான்வோ எழுதின பாசையில கிறான்வோவ வாசிக்கோணும்," என்பார். வாசித்தார். பழைய புத்தகக் கடை ஒன்றில் போதகர் தன் கையாலேயே எழுதிவைத்த குறிப்புகள் முழுவதும் தடித்த புத்தகமாக அகப்பட்டது. நாளுக்கு இரண்டு பக்கமாகத் தமிழில் எழுதத் தொடங்கினார். பதினொரு கொப்பிகள் நிறைந்தன. நாலு வருசத்துக்கு முன் ஒருநாள் பேனையை மூடி வைத்தவர் பிறகு எடுக்கவில்லை. கண் தெரியவில்லை என்றார். அவளும் நம்பினாள்.

போன சனிக்கிழமை, பதினொரு மணி இருக்கும். அஹுன்ட்சிக்கில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில், கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தி, அப்பாவுக்கு முதுகில் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள். தாதி இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். இனி நாள் கணக்குத்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"மகள், அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்த எடுங்க."

"இப்ப என்னத்துக்கு அப்பா? களைக்கும்."

"நூற்றிப்பதினெட்டாம் பக்கம்."

எடுத்தாள். கண்ணை ஓட்டியதுமே எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. மகன், பரீட்சை, பின் வாங்கு, பெயில் போட்டது. சாகக் கிடக்கிற நேரத்திலும் இதைத்தான் கேட்க வேண்டுமா இந்த மனுசனுக்கு? "இதையும் நானா வாசிக்கோணும்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"அத விடுங்க. மற்றப் பக்கம்."

திருப்பினாள். இடையில் ஒன்றும் எழுதப்படவில்லை, ஒன்பது வருசம் கழித்து எழுதிய குறிப்பு என்று மேலே இருந்த திகதி காட்டியது.

"சத்தமா. தமிழில சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்வதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அவளுக்கு. யோசிக்காமலே சொல்லத் தொடங்கினாள்.

"இண்டைக்குப் பனிக்குள்ள ஆறு மணித்தியாலம் நடந்து, மகன் வேலை செய்யிற மணிக்கூட்டுப் பட்டறைக்குப் போனன். உள்ளுக்குப் போக மனம் துணியல்ல. வாசல்ல நிண்டன். அவன் நிமிந்து பாத்தான். நீ நல்ல ஆசிரியனா வந்திருப்பாய், அது எனக்கு அண்டைக்கே தெரியும் எண்டு சொன்னன். நான் நீதிக்காகச் செய்யல்ல. நீதிமான் எண்டு ஊர் சொல்லோணும் எண்டு செய்தன். என்னை..."

அந்த இடத்தில் நிறுத்தினாள். தலையை நிமிர்த்தினாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் அவள் சொல்லச் சொல்லக் கூடவே அசைந்திருக்க வேண்டும், இப்போதும் அசைந்தன.

"மிச்சத்தையும் சொல்லுங்க," என்றார்.

"என்னை மன்னிச்சிரு எண்டு கேட்டன்."

முன்னறையில் சூடேற்றி 'டக் டக்' என்றது. தெருவில் பஸ் ஒன்று நின்று போனது.

"இங்கிலீசுப் புத்தகத்தில இந்தப் பக்கம் இல்ல மகள். வெட்டிப்போட்டானுகள். எனக்குத் தெரியா. இஞ்ச வந்துதான் வாசிச்சன்." மூச்சு வாங்கினார். "நாலு வருசமாகுது."

"கண் தெரியல்ல எண்டு சொன்னீங்க."

"பொய் சொன்னன்."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அடக் கடவுளே, மன்னிப்புக் கேட்கிறதுக்குக்கூட என்னிடமே வேலை வாங்குகிறாரே! அவருடைய வாயால் ஒரு சொல் சொன்னால் குறைந்தா போய்விடும்? செத்துப்போன சுவிஸ்காரனைக் கூட்டிவந்து, அவன் சொன்னதை நான் வாசித்து, நானே தமிழாக்கி, நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டுமா?

"மகன் என்ன சொன்னானாம்?" என்று கேட்டார் அப்பா.

பக்கத்தைத் திருப்பினாள். கலாசாலை விடுதிக்குக் கூரை மாற்றிய செலவு பற்றி இருந்தது. அடுத்ததில் திராட்சைக்கு வந்த நோய். இன்னும் நாலைந்து பக்கம் புரட்டினாள்.

"எழுதல்ல அப்பா."

"ஓம். நானும் கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினன்," என்றார். "இல்ல."

பிறகு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருக்கிறார் என்பது அவளுக்கு நன்றாகவே விளங்கியது. ஒரு சொல் போதும். 'பரவாயில்ல' என்றாலே போதும்.

"கஞ்சி ஆறப்போகுது," என்று எழுந்தாள்.

குசினியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்," என்று தண்ணீருக்குச் சொன்னாள். முப்பது வருசம் நான் காத்திருந்தேன், அவர் ஒரு மணித்தியாலம் காத்திருக்கட்டும் என்று நினைத்தாள். சாப்பிட்டு முடிந்ததும் சொல்லலாம். தாதி வந்து போனபிறகு சொல்லலாம். என்ன சொல்வது என்பதையும் யோசித்து வைக்கலாம்.

கஞ்சியோடு வந்தபோது அப்பா கண்ணை மூடியிருந்தார். மூச்சு நீளமாகவும் இடைவெளி விட்டும் வந்தது. "அப்பா" என்றாள். "அப்பா, கஞ்சி" என்றாள். தாதி வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாக, இனிப் பேசமாட்டார் மதாம் என்றாள். மூன்றரை மணிக்கு முடிந்தது. அவள் கேட்ட ஒரு மணித்தியாலம் அவரிடம் இருக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பரீட்சையையும் தாங்கினாள், ஊர்ச் சிரிப்பையும் தாங்கினாள். இது நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது.

"போதகரின்ர மகள் இரண்டு வார்த்தை கதைப்பா," என்றார் கனகசிங்கம் மாஸ்டர்.

அஞ்சலீனா எழுந்து போனாள். ஒலிவாங்கியைப் பிடித்தாள். நூற்றைம்பது முகங்கள். அந்தக் கதை அதோடு முடியவில்லை என்று சொல்ல வாய் உன்னியது. பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்த எல்லாருக்கும் நன்றி," என்றாள். "கீழ தேத்தண்ணி இருக்கு."

அடக்கம் முடிந்து வந்து கீழ்மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் கதிரை தேடி வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"பிள்ளை, ஐயாட மொழிபெயர்ப்புக் கொப்பியளைத் தாரும். முப்பத்தோராம் நாள் நினைவுக்குப் புத்தகமாப் போட்டு விடுவம். பழைய மாணவர் சங்கத்தில முடிவெடுத்தாச்சு."

"அது முடியல்ல, மாஸ்டர்."

"எந்த இடத்தில நிக்குது?"

"மகனப் பெயில் ஆக்கிற இடத்தில."

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "அட! இதைவிடத் திறமான முடிவு வேற என்ன வேணும்? அதோடயே முடிப்பம். முன்னுரையில உம்மட கதையையும் நான் எழுதிவிடுறன். சனம் அழும்." ரோல்ஸை ஒரு கடி கடித்தார். "ஒரு விசயம் நீர் அறியமாட்டீர். அண்டைக்கு நானும் பின் வாங்கில இருந்தனான். நிழல் எண்ட பாடம். பிள்ளையளை வெளியில கூட்டிக்கொண்டு போய், ஆளுக்காள் நிழலை மிதிச்சு விளையாட விட்டீரெல்லோ? வகுப்புக்குள்ள திரும்பி வந்தாப் பிறகும் அதுகள் கேள்வி கேட்டு முடியேல்ல. நான் எழுபத்திரண்டு போட்டனான். ஐயா அதைப் பேனையால வெட்டிப்போட்டு முப்பத்தெட்டு எண்டு எழுதினார். கண்ணால கண்டனான். எப்பிடிப்பட்ட மனுசன்!"

அஞ்சலீனா கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"நல்ல பாடமா, மாஸ்டர்?"

"அருமையான பாடம் பிள்ளை. என்ர சேவைக்காலத்தில அப்பிடி நாலைஞ்சுதான் பாத்திருப்பன்."

"அப்ப நீங்க ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

வாய்க்குப் போன ரோல்ஸ் பாதி வழியில் நின்றது. மாஸ்டர் அவளைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார். இத்தனை மேடையில் இத்தனை தரம் சொன்ன கதைக்குள் இப்படி ஒரு கேள்வி இருப்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்ததுபோல் இருந்தது.

"அவர் அதிபரெல்லோ," என்றார் மெல்ல. ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு, "கொப்பியைப் பேந்து ஒருநாள் வந்து எடுக்கிறன் பிள்ளை," என்று சொல்லிக் கதிரையைப் பிடித்து எழும்பினார்.

அடுத்த நாள் காலையில் முதல் பனி கொட்டியது. மதிசுதன் வேலைக்குப் போய்விட்டான். அஞ்சலீனா பதினோராம் கொப்பியை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்தாள். அப்பாவின் சாய்ந்த கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல், 'என் மகன் சித்தியடையவில்லை என்று பதிவேட்டில் எழுதினேன்' என்ற வரியில் நின்றது. அதன் கீழே வெறும் பக்கங்கள்.

இப்படியே கொடுத்துவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்பா நீதிமானாகவே இருப்பார். இனி வரும் கலியாண வீடுகளிலும் அவள் சிரித்துக்கொண்டு நிற்கலாம். அடுத்த பக்கத்தை எழுதினால் மாஸ்டரின் கதைக்கு அன்றோடு சரி, மேடையில் சொல்ல முடியாது. பழைய மாணவர்கள் அவளைத்தான் பேசுவார்கள். செத்த தகப்பனை விற்றுவிட்டாள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த ஊர் வாய்க்குப் பயந்துதானே அந்த மனுசன் எழுபத்திரண்டை வெட்டினார். நானும் பயந்தால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று எண்ணினாள். அவர் இதை ஊருக்கு மறைக்க நினைத்திருந்தால் நாலு வருசத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிந்திருக்கலாமே என்றும் எண்ணினாள். எண்ணிக்கொண்டே இருந்தால் பொழுது போய்விடும்.

"லக்சனா, இஞ்ச வா. நீ பிரெஞ்ச வாசி. நான் எழுதுறன்."

லக்சனா கால் மேல் கால் போட்டுக்கொண்டு வாசித்தாள். அவளுடைய பிரெஞ்சு தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடும், "மெதுவா, மெதுவா" என்று நிறுத்த வேண்டியிருந்தது. பனிக்குள் ஆறு மணிநேரம். கடிகாரப் பட்டறை. வாசல். அஞ்சலீனா அப்பாவின் எழுத்து நடையிலேயே எழுதினாள். 'நீ நல்ல ஆசிரியனாக வந்திருப்பாய் என்பது எனக்கு அன்றே தெரியும்.' இந்த வரியில் மை கொஞ்சம் கலங்கியது. கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்துவிட்டு, அந்த வரியைத் திரும்ப எழுதினாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் லக்சனா. "அடுத்தது கூரை பற்றி."

"பொறு."

'என்னை மன்னித்துக்கொள் என்று கேட்டேன்' என்ற வரிக்குக் கீழே பேனை நெடுநேரம் நின்றது. யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளுகிற சத்தம் கேட்டது. அவள் குனிந்து இன்னும் ஒரு வரி எழுதினாள்.

லக்சனா கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். "'வெளியில... குளிர், அப்பா. உள்ளுக்க... வாங்க,' என்றான்... மகன்." பிரெஞ்சுப் புத்தகத்தில் விரல் வைத்து மேலும் கீழும் தேடினாள். "அம்மா, இது இதில இல்லையே."

"இல்ல," என்றாள் அஞ்சலீனா. மை காயட்டும் என்று கொப்பியை மூடாமல் விட்டுவிட்டு, முகம் கழுவ எழுந்து போனாள்.